அணிலின் கதை

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் மூண்ட தீ 94 குழந்தைகளைப் பலிகொண்ட துக்கம் ஆறுமுன்னரே, டிசம்பர் 26-ஆம் நாள் நாகப்பட்டினக் கரையில் ஏறிய ஆழிப்பேரலை அம்மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. அக்காலத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிலையத்தார், ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சியளித்து, சித்திரம், விளையாட்டு, கதை ஆகியவற்றின் வாயிலாகப் பாலர்களின் மனோவியாகூலத்தைத் தணிக்க முயன்றனர்.

கதை ஏன்? "நடந்ததைச் சொல்" என்று கேட்டால் குழந்தை தலைகுனிந்து நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததே, அத்தோப்புகளுள் ஒன்றை நம்பி வாழ்ந்த வீட்டுச் சிறுமி ஒருத்தியிடம், மரம் விழுந்துபோன அணிலைப் பற்றி எழுதச் சொன்னோம் என்று வைத்துக்கொள்வோம். தன் தகப்பனாரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத அவள், "அணிலோட அப்பா ராத்திரி சாப்பிடவே இல்லை" என்று எழுதிவிடுவாள். அந்த வரியைக் கண்டதும் "உங்கப்பாவா?" என்று கேட்கும் உபாத்தியாயர், அரிதாய்த் திறந்த கதவைத் தம் கையாலேயே சாத்திவிடுகிறார். "அணிலப்பாவுக்கு யாராவது கஞ்சி கொண்டுவந்தார்களா?" என்று கேட்பவரோ, ஆறுதலைத் தேடும் பொறுப்பைச் சிறுமியின் கற்பனைக்கே விட்டுவிடுகிறார்.

பிள்ளைகளைக் கதை எழுதவைக்கும் இம்முறையை இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளுக்கென வகுத்து நூலெழுதிய டிரிஷா வாட்டர்ஸ், ஆசிரியரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமது கதையை எழுதவேண்டும் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுவே. துயரத்தை எழுதுவது பயன் தரும் என்பதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தம் ஆழ்ந்த துயரத்தை 4 நாள், நாளொன்றுக்கு 15 நிமிஷம் எழுதிய கல்லூரி மாணவர்கள், பின்வந்த மாதங்களில் வைத்தியரை நாடியது குறைந்தது. ஆயினும் எழுதி முடித்த அந்நேரத்தில் அவர்களுடைய மனம் முன்னிலும் கனத்திருந்தது. ஆகவே, பிள்ளை எழுதி முடித்ததும் நோட்டை வாங்கி வைத்துவிட்டு மணியடிப்பது தகாது. சற்று நேரம் அருகிருக்கவேண்டும். சாவையோ, அடி உதையையோ ஒரு குழந்தை மீண்டும் மீண்டும் எழுதுமாயின், ஆசிரியர் அதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் மனநல ஆலோசகரிடம் கொண்டுசெல்லவேண்டும். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணும் இருக்கிறது.

டெல்டாப் பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன்: கதை எழுத வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள், சிவப்பு மை படாத, மார்க்கு இல்லாத நோட்டு ஒன்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுங்கள்.