தீவுப் பிள்ளைக்கு ஒரு கல்லூரி



யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்தால் வேலணை. வடக்கே திரும்பினால் ஊர்காவற்றுறை. நேரே போனால் புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைமுகம். அத்துடன் தரைவழி முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்து படகேற வேண்டும். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரக் கடல். காற்றுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை.

அந்தத் தீவில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறிவிட்டது என்று வையுங்கள். தொழில் படிக்க யாழ்ப்பாணம் போகலாம். படகுக்கும் பஸ்ஸுக்கும் தங்குமிடத்துக்கும் பணம் யார் தருவது? பெண்பிள்ளை என்றால் பெற்றோர் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். பதினாறு வயதில் ஒரு பிள்ளையின் படிப்பு இப்படித்தான் முடிகிறது.

இத்தகையவர்களுக்காகத் தோன்றியதே சமுதாயக் கல்லூரி. தமிழகப் பக்கத்தில் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும் 1996இல் சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டமும் இதைத் தொடங்கின. படிப்பை இடையில் விட்டவரையும் பரீட்சையில் தவறியவரையும் சேர்த்துக்கொள்வது, தொழிலையும் வாழும் முறையையும் சேர்த்துக் கற்பிப்பது, அருகிலுள்ள தொழிலகங்களிலேயே பயிற்சி கொடுப்பது என்பன அதன் அடிப்படை. நம் நாட்டில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் ஏழு படிகளில் இருக்கிறது. அதில் முதற்படி ஏற ஒரு பிள்ளைக்குக் கடல் குறுக்கே நிற்கக் கூடாது.

நான் அரபுக் கல்லூரியில் ஓதியவன். எங்கள் ஓதும் பள்ளிகளில் யாரும் வயது பார்த்ததில்லை. பிந்தி வந்தவனும் திண்ணையில் ஓரமாக அமர்ந்து அலிஃபிலிருந்து தொடங்குவான். தீவுக் கல்லூரிக்கும் முதலில் வேண்டியது அந்தத் திண்ணைதான். அலங்கார வளைவு அல்ல. கட்டடத் திறப்பு விழா எடுக்கத் தெரிந்த நமக்குப் பாட நேரம் வகுக்கத் தெரிவதில்லை! இரவு வலை போட்டு விடியலில் கரை திரும்பும் இளைஞனைக் காலை எட்டு மணிக்கு வகுப்புக்கு வா என்றால் அவன் எப்படி வருவான்? படகு வரும் நேரத்தையும் மீன் படும் காலத்தையும் கேட்டுத்தான் அங்கே மணி அடிக்க வேண்டும்.

என்ன கற்பிப்பது? ஒன்றைச் சொல்கிறேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் தரும் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்பாடு ஏற்பட்டது. 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பொருத்த வருபவர்கள் பொருத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஆண்டு முழுவதும் உப்புக்காற்று படும் இடம் அது. ஒரு இணைப்புத் துருப்பிடித்தால் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வரும்வரை ஊர் இருட்டில் இருக்க வேண்டுமா? அந்த வேலையைத் தீவுப் பிள்ளை கற்கட்டும். படகு இஞ்சின் திருத்துவதும், பனைப் பொருள் செய்து கெடாமல் பொதி செய்வதும், கணக்கெழுதுவதும் அப்படியே.

சிங்களமும் கற்பிக்க வேண்டும் என்பேன். சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் இருக்கின்றன. தெற்கிலிருந்து யாத்திரிகர் திரள்திரளாக வருகிறார்கள். அவர்களோடு கதைக்கத் தெரிந்த பிள்ளைக்கு அங்கேயே பிழைப்பு உண்டு. அச்சமும் குறையும்.

“தீவைப் பற்றி நமக்கென்ன?” என்று நம்மவர் கேட்கலாம். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார்கள். இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர்கள்தாம். பின்னர் கொழும்பு ஸாஹிராவின் அதிபருமானார்கள். கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, உலகத் தமிழாராய்ச்சிக்கு வழி திறந்தார். ஒருவருக்கு அயலவரின் பள்ளி கதவைத் திறந்தது; மற்றவருக்குச் சொந்தத் தீவிலேயே பள்ளி இருந்தது. இரண்டும் நடந்ததால்தான் அந்த அறிஞர்கள் நமக்குக் கிடைத்தார்கள். பத்ர் போரில் சிறைப்பட்டவர்களுள் மீட்புப் பணம் கொடுக்க இயலாத எழுத்தறிந்தோர், மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதை ஸீராவில் படித்திருக்கிறோம். மாற்றாரிடமும் கற்கலாம் என்றால், அயலவருக்குக் கற்பிக்கத் தயங்குவானேன்?

இன்னொன்றும் உண்டு. 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விரட்டப்பட்டார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் எத்தனை பிள்ளைகளின் படிப்பு அறுந்தது என்பதை நம் வீடுகளே அறியும். அதே ஆண்டுப் போரில் தீவக மக்களும் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். பள்ளிக்கூடம் அறுந்துபோன வலி இரு சாராருக்கும் தெரியும்.

பணத்துக்கு வழி? அஸீஸ் அவர்கள் 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கி, வறிய மாணவர் படிக்க உதவினார்கள். அதுபோல் தீவுப் பிள்ளைகளுக்கு ஒரு நிதி வைக்கலாம். வெளிநாட்டிலுள்ள தீவகத்தார் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் அள்ளிக் கொடுப்பவர்கள். இதற்கும் கேட்டால் கொடுப்பார்கள். தொடங்குவதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. பாடசாலை விட்ட பின் ஒரு வகுப்பறை, கழற்றிப் பூட்டப் பழைய படகு இஞ்சின் ஒன்று, வாரத்தில் நான்கு நாள் தீவிலேயே தங்கச் சம்மதிக்கும் ஓர் ஆசிரியர். மூன்றிலும் கிடைக்க அரியவர் அந்த ஆசிரியர்தான். நிதி திரட்டுவோர் முதலில் அவருடைய தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கட்டும்.