எல்லை கடக்கும் தேயிலையும் எல்லையில் நிற்கும் சட்டமும்
பிரித்தானிய நடுவழி அரசியலின் ஐரோப்பிய நோக்கு: ஊவாவிலிருந்து ஒரு மதிப்பீடு

1

ஐரோப்பாவோடு எத்தகைய உறவைப் பேணவேண்டும் என்பது குறித்துப் பிரித்தானியாவிலே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்றுவரும் விவாதம், பதுளை மாவட்டத்துத் தோட்ட லயனொன்றில் வாழும் தொழிலாளிக்கு எவ்வகையிலேனும் பொருள்படுவதாகுமா? முதற்பார்வைக்கு இது வலிந்து எழுப்பப்படும் வினாவாகத் தோன்றலாம். ஆயினும் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களிற் பெரும்பாலானவை பிரித்தானிய மூலதனத்தின் ஆக்கங்கள் என்பதை நாம் மறத்தல் இயலாது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கினார்; 1924இல் புகைவண்டிப் பாதை பதுளையை எட்டியது. மலையிலிருந்து துறைமுகத்துக்கும் துறைமுகத்திலிருந்து இலண்டனுக்கும் தேயிலை சென்ற பாதை அன்றே செப்பனிடப்பட்டுவிட்டது. அப்பாதையில் எதிர்த்திசையாக உரிமையும் சட்டமும் எவ்வளவு தூரம் வந்துசேர்ந்தன என்பதே நமது ஆய்வுக்குரிய பிரச்சினையாகும்.

பிரித்தானியாவில் ஐரோப்பிய இணைவை ஆதரிக்கும் நடுவழி அரசியலை இப்பிரச்சினையின் ஒளியிலே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். அவ்வரசியலை முற்றாக நிராகரிப்பதோ முற்றாக ஏற்பதோ எளிது. அதன் உண்மை எது, எல்லை எது என்று பிரித்தறிவதே பயனுடையது.

2

நடுவழி அரசியல் என நாம் இங்குக் குறிப்பிடுவது யாது? முதலாளித்துவ உற்பத்தி முறையை ஏற்றுக்கொண்டு, அதன் கொடுமைகளைச் சட்டத்தாலும் நிறுவனங்களாலும் நாடுகளிடை ஒப்பந்தங்களாலும் தணிக்கலாம் என நம்பும் போக்கே அது. பிரித்தானியா 1973இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்திற் சேர்ந்தது. 1975இல் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பில் 67 வீதத்தினர் அவ்வுறவு நீடிப்பதை ஆதரித்தனர். அக்காலத்தில் எதிர்ப்பு பெரிதும் இடதுசாரிகளிடமிருந்தே எழுந்தது. ஐரோப்பியச் சந்தை மூலதனத்தின் கழகம் என்றும், பொருளாதாரத்தைத் திட்டமிடும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்திடமிருந்து பறிப்பது என்றும் டொனி பென் போன்றோர் வாதிட்டனர். தொழிற்கட்சி விலகலை நோக்கி நகர்ந்தபோது, ரோய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷேர்லி வில்லியம்ஸ், பில் றொட்ஜர்ஸ் ஆகிய நால்வரும் 1981இல் சமூக ஜனநாயகக் கட்சியைத் தோற்றுவித்தனர். ஜென்கின்ஸ் அதற்குச் சற்று முன்னர்வரை ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1983ஆம் ஆண்டுத் தேர்தலில் இக்கட்சியும் தாராண்மைக் கட்சியும் அமைத்த கூட்டணி 25 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றபோதும் 23 ஆசனங்களையே பெற்றது.

பின்னர் காட்சி மாறிற்று. தச்சரின் ஆட்சியிலே தோல்விமேல் தோல்வியுற்ற பிரித்தானியத் தொழிற்சங்கங்களின் மாநாட்டில், ஆணைக்குழுத் தலைவர் ஜாக் டெலோர் 1988இல் உரையாற்றிச் சமூகப் பாதுகாப்புடைய ஐரோப்பாவை முன்வைத்தார். உள்நாட்டில் இழந்ததை ஐரோப்பியச் சட்டத்தின் மூலம் மீட்கலாம் என்னும் எதிர்பார்ப்பு தொழிற்சங்கங்களிடம் வேரூன்றியது. விலகலைக் கோரும் குரலோ வலதுசாரிகளிடம் இடம்பெயர்ந்தது. இவ்விடமாற்றத்தைக் கருத்துக்களின் தற்செயலான போக்காகக் கொள்ளுதல் தவறாகும். வர்க்கப் பலத்தின் சமநிலை மாறியமையே அதன் அடிப்படை.

2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் 51.9 வீதத்தினர் விலகலை ஆதரித்தனர். 2020 ஜனவரி 31இல் பிரித்தானியா வெளியேறியது. 2024 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி 33.7 வீத வாக்குகளோடு 411 ஆசனங்களை வென்று ஆட்சியமைத்தது. தனிச்சந்தையிலோ சுங்க ஒன்றியத்திலோ மீளச் சேர்வதில்லை என்று வாக்குறுதியளித்திருந்த அவ்வரசாங்கம், 2025 மே மாதத்தில் இலண்டனில் நடைபெற்ற உச்சிமாநாட்டிலே ஒன்றியத்தோடு உறவைச் சீர்செய்யும் இணக்கப்பாடொன்றை எட்டியது. அத்தேர்தலில் 72 ஆசனங்களைப் பெற்ற தாராண்மை ஜனநாயகக் கட்சியினர் இது போதாது என்கின்றனர். மறுபுறம், பழைமைபேண் கட்சியும் சீர்திருத்தக் கட்சியும் ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்திலிருந்தே விலகவேண்டும் என்னும் நிலைப்பாட்டை எடுத்துள்ளன. ஆகவே விவாதம் இன்று சந்தை பற்றியது மாத்திரமன்று. ஓர் அரசு தன் எல்லைக்குள் வாழும் மனிதரை நடத்தும் முறையை, அவ்வரசுக்கு வெளியேயுள்ள சட்டம் கேள்விக்குட்படுத்தலாமா என்பதே இன்றைய விவாதத்தின் மையம்.

3

இக்கேள்வி மலையக மக்களுக்குப் புதியதன்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றது. அதற்கு ஆளும் வர்க்கம் அளித்த விடையே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். அடுத்த ஆண்டு வந்த இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவவேண்டுமெனக் கோரியது. துரையின் பெரட்டுக் களத்திலே பெயர் கூப்பிடப்பட்ட நாள்முதல் தோட்டத்தை விட்டு வெளியேறியிராத மனிதர், தாம் அங்கு இருந்ததற்குக் கடதாசி தேடி அலைந்தனர்.

வாக்காளர் பட்டியல் தொடர்பான வழக்கு இறுதியில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்தை எட்டியது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு எந்தவொரு சமூகத்துக்கும் எதிராகப் பாரபட்சமான சட்டம் இயற்றுவதைத் தடுத்திருந்தது. ஆயினும் பிரசாவுரிமையின் தகைமைகளை வகுப்பது ஓர் அரசின் நியாயமான அதிகாரமே எனக் கூறி, 1953இல் கோமறைக் கழகம் அச்சட்டங்களைச் செல்லுபடியாக்கியது. ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1953ஆம் ஆண்டிலேதான். அச்சமவாயத்தை வரைவதிற் பிரித்தானியச் சட்டவறிஞர் முக்கிய பங்காற்றினர். தன் மண்ணில் அரசின் அதிகாரத்துக்கு மேற்பட்ட உரிமையை ஏற்கத் துணிந்த தாராண்மைவாதம், தன் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட மக்களைப் பொறுத்தவரையில் அரசின் அதிகாரத்தையே இறுதியானதாகக் கண்டது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்ப்பதெனத் தள்ளிவைத்தது. பிரச்சினை சட்டத்தளவில் முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது.

இம்முரண்பாட்டை இலக்கிய மாணாக்கர் ஓர் எழுத்தாளர் வழியாகவும் அறிவர். 1904 முதல் 1911 வரை இலங்கையிற் குடியேற்ற நிர்வாகியாகப் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், ஊவாவின் தென்புறத்தே அமைந்த அம்பாந்தோட்டை மாவட்டத்தைக் களமாகக் கொண்டு, காட்டுக் கிராமமொன்றின் அழிவைச் சித்திரிக்கும் நாவலை 1913இல் வெளியிட்டார். தமக்குப் புரியாத மொழியில் நடக்கும் விசாரணையின் முன் கிராமத்து ஏழைகள் செயலற்று நிற்பதை அந்நாவல் இரக்கமின்றிக் காட்டுகிறது. அதே வூல்ஃப் 1916இல், நாடுகளுக்கு மேலாகச் சட்டத்தையும் நிறுவனங்களையும் அமைப்பது பற்றி நூலெழுதினார். பின்னர் தொழிற்கட்சியின் சர்வதேச விவகார ஆலோசகருமானார். நாவலாசிரியர் வூல்ஃப் கண்ட உண்மை, அரசியற் சிந்தனையாளர் வூல்ஃப்பின் கோட்பாட்டை நோக்கி எழுப்பும் வினா இன்றும் விடைபெறவில்லை: சட்டம் இருந்தாற் போதுமா, அது யார் கைக்கு எட்டுகிறது?

4

இவ்வினாவைச் சமகால வணிக உறவுகளிலே பொருத்திப் பார்ப்போம். பிரித்தானியா ஐரோப்பிய சமூகத்திற் சேர்ந்தபோது, பொதுநலவாயத்தைச் சேர்ந்த ஆபிரிக்க, கரீபிய, பசுபிக் நாடுகள் 1975ஆம் ஆண்டின் லோமே உடன்படிக்கையில் இடம்பெற்றன. இலங்கை உள்ளிட்ட ஆசிய நாடுகள் அதற்கு வெளியே விடப்பட்டன. பல பத்தாண்டுகளின் பின்னர், 2005இல், இலங்கைக்கு ஜீ.எஸ்.பி. பிளஸ் எனப்படும் தீர்வைச் சலுகை கிடைத்தது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல், நல்லாட்சி என்பன பற்றிய 27 சர்வதேச சமவாயங்களை ஏற்று நடைமுறைப்படுத்துவது இன்று அச்சலுகையின் நிபந்தனை. 2010 ஆகஸ்டில் அது இடைநிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில் மீள வழங்கப்பட்டது.

பண்டம் எல்லை கடக்கவேண்டுமாயின் உரிமையும் கூடவே பேசப்படவேண்டும் என்னும் இந்நியதி முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதன் பயன் எங்குச் சேர்கிறது? பெருமளவுக்கு ஆடைத் தொழிலிலேயே. கறுப்புத் தேயிலைக்கோ ஐரோப்பாவிற் பொதுவாகவே இறக்குமதித் தீர்வை இல்லை. எனவே சலுகையை இழப்போம் என்னும் அச்சம் ஆடைத் தொழிற்சாலை உடைமையாளரை உறுத்துவதுபோலத் தோட்டக் கம்பனியை உறுத்துவதில்லை. 27 சமவாயங்களுள் போதிய வதிவிடத்துக்கான உரிமையை ஏற்கும் சமவாயமும் அடங்கும். ஆனால் 2010இல் இடைநிறுத்தத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டவை குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதை, சிறுவர் உரிமைகள் என்பன பற்றிய சமவாயங்களே. தோட்ட லயன் அங்கு ஒரு காரணமாகவில்லை.

தேயிலையை ஐரோப்பா கண்டிப்பாக நோக்கும் இடம் வேறொன்றுண்டு. அது இரசாயன எச்சத்தின் அளவு. தனியெல்லை வகுக்கப்படாத பீடைகொல்லிகளுக்குக் கிலோவொன்றுக்கு 0.01 மில்லிகிராம் என்னும் நுண்ணிய எல்லையை ஒன்றியம் விதிக்கிறது. நுகர்வோரின் நலன் கருதிய இவ்விதி தேவையானதே. ஆயினும் அவ்விரசாயனத்தைத் தெளிப்பவரின் கையுறை பற்றியோ, கொழுந்து கிள்ளுபவரின் நாட்சம்பளம் பற்றியோ துறைமுகத்தில் எந்தக் கருவியும் சோதிப்பதில்லை. ஐரோப்பா கொழுந்தை அளக்கிறது. கிள்ளிய கையை அளப்பதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது; பெயர்ந்து செல்லத் தொழிலாளருக்குச் சொந்தமாக நிலம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தின் சரிவுகள் உயிர்களைக் காவுகொண்டன. காகிதத்திலுள்ள உரிமைக்கும் நிலத்திலுள்ள உரிமைக்கும் இடைப்பட்ட தூரத்தை இவற்றுக்கு மேலாக விளக்க வேண்டியதில்லை.

5

அவ்வாறாயின் பிரித்தானியா ஒன்றியத்தின் உள்ளே இருப்பினும் வெளியே இருப்பினும் ஊவாவுக்கு ஒன்றே எனலாமா? எம்மைச் சார்ந்தோர் சிலர் அவ்வாறு கூறுவதுண்டு. அக்கூற்றை நாம் ஏற்கவில்லை. வெளியேறிய பின் பிரித்தானியா தனக்கெனத் தீர்வைச் சலுகைத் திட்டமொன்றை 2023 ஜூனில் நடைமுறைப்படுத்தியது. இலங்கை அதன் மேம்பட்ட சலுகைப் பிரிவில் உள்ளது. மோசமான உரிமை மீறல்களுக்காகச் சலுகையை நிறுத்தும் அதிகாரம் அதில் உண்டாயினும், 27 சமவாயங்களை ஏற்று நடைமுறைப்படுத்தவேண்டும் என்ற முன்நிபந்தனை கைவிடப்பட்டது. நிபந்தனை தளர்ந்ததை இங்குள்ள ஏற்றுமதியாளர் வரவேற்கலாம். தொழிலாளி கையிலிருந்த மெல்லிய பிடியொன்று மேலும் நைந்தது என்பதே அதன் மறுபக்கம்.

பெருங் கம்பனிகள் தம் விநியோகச் சங்கிலியில் நிகழும் உரிமை மீறல்களுக்குப் பொறுப்பேற்கவேண்டும் எனும் பணிப்புரையை ஒன்றியம் 2024இல் நிறைவேற்றியது. வணிக அமைப்புகளின் நெருக்குதலால் 2025இல் அதன் வீச்சைப் பெரிதும் சுருக்குவதற்கு இணக்கம் காணப்பட்டது. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டமோ, பெருங் கம்பனிகள் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிடுவதையே கோருகிறது. நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை என்று எழுதினாலும் அது அறிக்கையே. இதற்கிடையில் மூலதனம் தன் வழியே செல்கிறது. லிப்டன் பெயரை நெடுங்காலம் உடைமையாகக் கொண்டிருந்த யூனிலீவர் தன் தலைமையகத்தை ரொட்டர்டாமில் அமைக்க 2018இல் எண்ணிக் கைவிட்டு, 2020இல் இலண்டனைத் தெரிந்தது. 2022இல் தன் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியை 450 கோடி யூரோவுக்கு முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்று முடித்தது. எந்தச் சர்வசன வாக்கெடுப்பும் இந்நகர்வைத் தடுக்கவில்லை.

நடுவழி அரசியலின் உண்மை இங்கேதான் உள்ளது: எல்லை கடக்கும் மூலதனத்தை எல்லை கடக்கும் சட்டமே கட்டுப்படுத்த முடியும். தனியொரு பாராளுமன்றத்தின் இறைமையால் அது இயலாது. அதன் குறைபாடும் இதனோடு ஒட்டியதே. அச்சட்டத்தை அறிவார்ந்த நிர்வாகிகளின் கொடையாக அது கருதுகிறது. போராடி வென்று, போராடிக் காக்கவேண்டிய ஒன்றாகக் கருதுவதில்லை. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக அறிவிக்கப்பட்டது, பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே. கம்பனிகள் அதனையும் எதிர்த்து நீதிமன்றம் சென்றன. பிரசெல்ஸில் எழுதப்படும் விதியின் கதியும் வேறாக இராது.

எனவே பிரித்தானிய முற்போக்காளரிடம் நாம் வேண்டுவது, ஐரோப்பாவோடு மீள இணைவதை விடுமுறைப் பயணத்தின் வசதியாகவோ வர்த்தகக் கணக்காகவோ மட்டும் வாதிடாதிருத்தலாகும். இணையும் சட்டம் தேயிலைப் பெட்டியைப் பின்தொடர்ந்து எவ்வளவு தூரம் வரும் என்பதையும் அவர்கள் கேட்டல் வேண்டும். மலையகத் தொழிற்சங்கங்களும் இவ்விதிகளைத் தூதரகங்களின் பேச்சுப்பொருளாக விட்டுவிடாது, தமது கோரிக்கைகளின் பகுதியாக்கிக் கொள்ளுதல் அவசியம். சட்டம் தானாக மலையேறி வருவதில்லை. ஊவாவின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.