ஃப்ரீசரில் வைத்தால் கிருமி சாகுமா?



ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மீனில் பாதி மிஞ்சிவிட்டது. என்ன செய்வோம்? கடைக்காரர் கொடுத்த கருப்புக் கவரோடு அப்படியே ஃப்ரீசருக்குள் தள்ளிவிடுவோம். கேட்டால், "ஃப்ரீசர்ல வெச்சா ஒண்ணும் ஆகாது, கிருமியெல்லாம் செத்துடும்" என்போம். இது சரியா?

இல்லவே இல்லை! பெரும்பாலான பாக்டீரியாக்கள் குளிரில் சாவதில்லை, தூங்குகின்றன. -18 டிகிரி செல்சியஸில் அவற்றால் பெருக முடியாது. உணவு உருகியதும் விழித்துக்கொள்ளும். 5 முதல் 60 டிகிரி வரை உள்ள வெப்பம் அவற்றுக்குக் கொண்டாட்டம். நம் ஊர் அடுப்பங்கரை எப்போதும் இந்த வெப்பத்தில்தானே இருக்கிறது!

வேகமாக உறைய வேண்டும், ஏன்?

மீனிலும் காயிலும் பெரும்பகுதி தண்ணீர். அது மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் உண்டாகி செல்களைக் கிழித்துவிடும். உருகும்போது சாறு வடிந்து மீன் சக்கையாகிவிடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறியவை, சேதமும் குறைவு.

இதைக் கவனித்துப் பயன்படுத்தியவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1912 முதல் சில ஆண்டுகள் கனடாவின் லாப்ரடாரில் இருந்தார். அங்கே இனூயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் உடனே உறைந்துபோகும். மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதுமீன் போலவே ருசித்ததாம்! பிறகு அவர் வேகமாக உறைய வைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1930-இல் அந்த உணவு கடைகளில் விற்பனைக்கு வந்தது.

வீட்டில் எப்படிச் செய்வது?

1. ஒரு வேளைக்குத் தேவையான அளவாகப் பிரித்து, தட்டையாகப் பொட்டலம் கட்டுங்கள். சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும்.

2. கருப்புக் கவர் வேண்டாம். உணவுக்கான கவரில் காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். காற்றுப் பட்டால் ஈரம் போய், வெள்ளைத் திட்டு விழுந்து, ருசி கெடும்.

3. மார்கழி, தை மாதங்களில் பச்சைப் பட்டாணி மலிவு. உரித்து, கொதிநீரில் ஒன்றரை நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். நிறத்தையும் ருசியையும் கெடுக்கும் நொதிகள் அடங்கிவிடும். ஈரம் துடைத்து டப்பாவில் அடைக்கலாம்.

4. குழம்பை டப்பாவின் கழுத்துவரை ஊற்றாதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். கண்ணாடி பாட்டில் வெடிப்பது இதனால்தான்.

5. பொட்டலத்தின் மேல் தேதி எழுதுங்கள்.

உருக்கும்போது கவனம்!

காலையில் மேடையில் எடுத்து வைத்து மாலையில் சமைப்பது ஆபத்து. முதல்நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். வெளியில் உருகிக் கிடந்ததைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். "கொதிக்க வெச்சா சரியாயிடும்" என்று நினைக்கவும் வேண்டாம். சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் நம்மைவிடத் தம்பி தங்கைகளும் தாத்தா பாட்டியும்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள்.

நாணயச் சோதனை

ஊருக்குப் போயிருக்கும்போது கரண்ட் போய் வந்தால் நமக்கு எப்படித் தெரியும்? உருகிய மீன் மறுபடி உறைந்து நல்லபிள்ளை மாதிரி இருக்குமே! அதற்கு ஒரு வழி உண்டு. சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலை இல்லை. ஐஸுக்குள் அடியில் போயிருந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மீனையும் கறியையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இன்றே வீட்டில் ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். தேதி தெரியாத கருப்புக் கவர் எத்தனை இருக்கிறது?

குளிர் கிருமியைத் தூங்க வைக்கும். எழுப்பாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்!