கோச்சி திரும்பி வந்த பாதை

1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே கோச்சி ஓடத் தொடங்கியது. 1905இல் பாதை கொழும்போடு இணைந்தது. 1956இல் யாழ்தேவி வந்தது.

1990 யூனில் போர் மூண்டதும் சேவை நின்றது. கழற்றப்பட்ட தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. பாதை பற்றை வளர்ந்த மண்மேடாய்க் கிடந்தது.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் கோச்சி திரும்பியது. ஆனால், இடைப்பட்ட 24 ஆண்டுகளில் கோச்சியைக் காணாத ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. காவலில்லாத கடவைகளில் உயிர்களும் போயின.

சகோதரிகளே, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: கடவையில் நின்று, இருபக்கமும் பார்த்து, சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று உறுதிசெய்த பின்பே கடக்கவேண்டும். செல்லடிக்குத் தப்பிய குடும்பங்கள் நாங்கள். தண்டவாளத்தில் ஒரு பிள்ளையையும் இழக்கக்கூடாது.