வயலில் கண்டதைப் பதிவு செய்தல்

பப்பாளி இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு போல் எது தென்பட்டாலும் மாவுப்பூச்சி என்று தெளிப்பானைத் தோளில் மாட்டுவது விவசாயிகளின் வழக்கம். கள்ளிப்பூச்சி என்று சொல்லப்படுவதும் இதுவே. ஆனால் அந்தக் கூட்டத்தின் நடுவே, உருவத்தில் பெரிதாக, நீண்ட மெழுகு இழைகளுடன் விரைந்து ஊர்ந்து செல்வது, மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான். வேறுபாடு அறியாமல் மருந்து அடித்தால் பணமும் போகும், நன்மை செய்யும் பூச்சியும் மடியும்.

பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டு கோவைப் பகுதியில் காணப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவி, பெருத்த சேதம் விளைவித்தது. 2010ல் போர்ட்டோரிகோவிலிருந்து வரவழைக்கப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை வெளியிட்ட பிறகே அது அடங்கியது. பெயர் சரியாகத் தெரிந்ததால்தான் உரிய குளவியைத் தேடிக் கொணர முடிந்தது. இத்தகைய புதுப் பூச்சியை முதலில் காணும் வாய்ப்பு, நாள்தோறும் வயலுக்குச் செல்லும் விவசாயிக்கே உண்டு. அவர் கண்டது சான்றுடன் பதிவானால் ஆராய்ச்சியாளர்கள் கண்ணில் படும். இல்லையேல் வரப்போடு போய்விடும்.

இதற்கென ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையப் பதிவேடு 2008 முதல் இயங்கி வருகிறது. கட்டணம் இல்லை. பூச்சி, பாம்பு, களை, காளான் என எதையும் கைப்பேசியில் படம் பிடித்து அதில் சேர்க்கலாம்.

படம் எடுக்கும் முறை

ஒரே படம் போதாது. முதுகு, பக்கவாட்டு, தலை, அது இருந்த செடி என்று மூன்று நான்கு படங்கள் வேண்டும். இந்தியாவில் 2018ல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்ட மக்காச்சோளப் படைப்புழுவை அறிய, தலையில் தலைகீழான கவட்டை போன்ற வெளிர் கோடும், வால் பக்கம் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் படத்தில் தெரிய வேண்டும். கைப்பேசியில் இட வசதியை இயக்கிவிட்டுப் படம் எடுத்தால், நாளும் இடமும் படத்தோடு பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இவ்விவரங்கள் நீங்கிவிடுகின்றன. மேலும் பிறர் எடுத்த படத்தைத் தம் பதிவாகச் சேர்ப்பது சரியன்று. நட்டு வளர்க்கும் பயிரையும் கட்டி வளர்க்கும் கால்நடையையும் சேர்த்தால் ‘வளர்ப்பு’ என்று குறிக்க வேண்டும்.

படத்தைப் பார்த்துக் கணினியே ஒரு பெயரைச் சொல்லும். அது யூகமே. பிறகு மற்றப் பதிவாளர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வர். குறைந்தது இருவர் ஒத்துக்கொண்டு, சொன்னவர்களில் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே இனப் பெயரைச் சொன்னால்தான் அது ‘ஆராய்ச்சித் தரம்’ பெறும். இதற்கு ஒரு நாளும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். எனவே மருந்து தெளிப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு இதை நம்பிக் காத்திருத்தல் கூடாது. பாதிக்கப்பட்ட இலையை எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகுவதே தக்க வழியாகும்.

இடத்தை மறைத்தல்

இதில் மிகுந்த கவனம் தேவை. நட்சத்திர ஆமை, அலங்கு போன்றவற்றைப் பிடித்து விற்போர் உள்ளனர். அழிவை எதிர்நோக்கும் பல உயிரினங்களுக்குப் பதிவேடே சரியான இடத்தை மறைத்து, சுமார் 20 கிலோமீட்டர் சதுரப் பரப்பை மட்டும் காட்டும். மற்றவற்றுக்குப் பதிவு செய்பவரே ‘மறைத்துக் காட்டு’ என்று தேர்ந்தெடுக்கலாம். தோட்டத்திலேயே குடியிருப்போர் தம் வீட்டின் பாதுகாப்புக்காகவும் இவ்வாறு செய்வது நல்லது. ஆனால் ஊர்ப் பெயரையும் கிணற்றடியையும் குறிப்பில் எழுதிவிட்டு இடத்தை மறைத்துப் பயனில்லை!

படத்தின் உரிமம் பற்றியும் ஒரு சொல். எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றிப் பிறர் பயன்படுத்தலாம் என்ற அனுமதி பொதுவாக முன்பே அமைந்திருக்கும். விரும்பாதவர்கள் மாற்றிக்கொள்ளலாம். எனினும் முழு உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டால் அப்பதிவு உலகப் பொதுத் தொகுப்புக்குச் செல்லாது.

பறவைகளுக்கு ‘இபேர்ட்’ என்ற தனிப் பதிவேடு உள்ளது. எலிகளைத் தின்னும் கூகை, வண்டுகளைப் பிடிக்கும் கரிச்சான், ஏர் பின்னே வரும் கொக்கு ஆகியவற்றுக்குப் படம் கூடத் தேவையில்லை. இனமும் எண்ணிக்கையும் எழுதினால் போதும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, கண்டதையும் குரல் கேட்டதையும் குறித்தல் வேண்டும். கைப்பேசி பழக்கமில்லாதவர்கள் காகிதத்தில் நாள், நேரம், இடம், பறவை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வைத்து, மாலையில் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளைக் கொண்டு ஏற்றலாம்.