தவறை ஒப்புக்கொண்ட நர்ஸ்.. லைசென்ஸ் பறிபோனது ஏன்? அமெரிக்காவில் நர்ஸ்களுக்கு என்ன சட்டப் பாதுகாப்பு?

நோயாளிக்கு மருந்து மாறிப்போனது. நர்ஸ் அதை மறைக்கவில்லை, தன் தவறு என்று அவரே சொன்னார். முதலில் 'நடவடிக்கை தேவையில்லை' என்று முடிவெடுத்த மாகாண சுகாதாரத் துறை, ஒரு வருடம் கழித்து அவர் மீது வழக்கைத் தொடங்கியது. கடைசியில் லைசென்ஸே ரத்தானது. அமெரிக்க நர்ஸ்களை அதிர வைத்த ரடோண்டா வாட் வழக்கு இது.

என்ன நடந்தது?

2017 டிசம்பர் 26. டென்னசி மாகாணத்தின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை. ஸ்கேனுக்கு வந்த 75 வயது பெண்ணின் பதற்றத்தைக் குறைக்க 'வெர்செட்' மருந்து தரச் சொல்லியிருந்தார்கள். மருந்து எடுக்கும் இயந்திரத்தில் வெர்செட் கிடைக்காததால், அதன் கட்டுப்பாட்டைத் தாண்டி முதல் இரண்டு எழுத்துகளை அடித்து மருந்தை எடுத்தார் வாட். ஆனால் கையில் வந்தது 'வெக்குரோனியம்'. தசைகளை முடக்கி மூச்சையே நிறுத்தக்கூடிய மருந்து. மறுநாள் அந்தப் பெண் இறந்தார்.

ஒரே தவறு, இரண்டு வழக்கு

2018 அக்டோபரில் நடவடிக்கை இல்லை என்று சுகாதாரத் துறை சொன்னது. ஆனால் 2019 பிப்ரவரியில் குற்ற வழக்கில் வாட் கைதானார். அதே ஆண்டு செப்டம்பரில் சுகாதாரத் துறையும் முடிவை மாற்றி லைசென்ஸ் வழக்கைத் தொடங்கியது. 2021 ஜூலையில் மாகாண நர்சிங் வாரியம் லைசென்ஸை ரத்து செய்தது.

கட்டுப்பாட்டைத் தாண்டி மருந்து எடுப்பது அங்கே அன்றாடம் நடந்ததுதான் என்று வாட் தரப்பு வாதிட்டது. ஆனால் பெயரைச் சரிபார்க்காததும், மருந்துக் குப்பியின் மூடியிலேயே இருந்த எச்சரிக்கையைக் கவனிக்காததும் அவருக்கு எதிராக நின்றன.

இங்கே புரிஞ்சுக்க வேண்டியது இதுதான். வேலையை விட்டு நீக்குவது மருத்துவமனை. சிறைக்கு அனுப்புவது நீதிமன்றம். லைசென்ஸை முடிவு செய்வது நர்சிங் வாரியம். மூன்றும் தனித்தனி. ஒன்றில் தப்பித்தால் மற்றதிலும் தப்பித்ததாக அர்த்தம் இல்லை.

லைசென்ஸ் வழக்கு எப்படி நடக்கும்?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி விதிமுறை. பொதுவாகப் புகார் வந்ததும் வாரியம் விசாரிக்கும். பதில் கேட்டு நர்ஸுக்குக் கடிதம் வரும். பல வழக்குகள் 'கன்சென்ட் ஆர்டர்' எனும் உடன்பாட்டிலேயே முடிந்துவிடும். உடன்பாடு இல்லையென்றால் சாட்சிகளோடு முறையான விசாரணை. அதன் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகலாம்.

எச்சரிக்கை, அபராதம், கண்காணிப்பில் வேலை, தற்காலிக நிறுத்தம், ரத்து என தண்டனைகள் படிப்படியாக உயரும்.

நிரூபிக்க வேண்டிய அளவும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். டெக்சாஸில் 'தவறு நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்று காட்டினாலே போதும். கலிஃபோர்னியாவில் அதைவிட வலுவான, தெளிவான ஆதாரம் வேண்டும்.

வக்கீல் எப்போது தேவை?

விசாரணை நாளில் அல்ல, முதல் கடிதம் வந்த நாளிலேயே. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் செலவு நர்ஸுடையது. குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தரும். லைசென்ஸ் வழக்கில் பொதுவாக அது கிடையாது. அதனால்தான் லைசென்ஸ் வழக்குச் செலவையும் ஏற்கும் தனி இன்சூரன்ஸை நிறைய பேர் எடுக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை:

* மருத்துவமனையின் வக்கீல் மருத்துவமனைக்காகத்தான் பேசுவார். நர்ஸின் நலனும் மருத்துவமனையின் நலனும் எப்போதும் ஒன்றாக இருக்காது.

* வாரியத்திடம் சொல்வது குற்ற வழக்கிலும் ஆதாரமாக வரலாம். அதற்காகப் பதிலே தராமல் இருந்தால் அதுவும் எதிராகத் திரும்பலாம். எதை, எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் வக்கீல்.

* நடந்த பிறகு நோயாளியின் பதிவேட்டில் கை வைக்கவே கூடாது. திருத்தம் தெரிந்தால், சின்ன தவறும் மோசடிப் புகாராகிவிடும்.

* 'கையெழுத்து போட்டா முடிஞ்சுடும்' என்று கன்சென்ட் ஆர்டரை ஏற்கக் கூடாது. அது தேசிய தரவுத்தளத்தில் பதிவாகலாம். ஒரே லைசென்ஸில் 40-க்கும் மேற்பட்ட மாகாணங்களில் வேலை பார்க்கும் வசதியும் போகலாம்.

* பணிச்சுமை, ஆள் பற்றாக்குறை, இயந்திரக் கோளாறு போன்றவற்றுக்கான ஆதாரங்களை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

வாட் வழக்கின் முடிவு

2022 மார்ச்சில், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக ஜூரி தீர்ப்பளித்தது. தவறைச் சொன்னால் சிறை என்றால் இனி யார் சொல்வார்கள் என்ற கேள்வியை நர்ஸ்கள் எழுப்பினார்கள். மே மாதம் சிறைக்குப் பதில் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அதைச் சரியாக முடித்தால் குற்றப் பதிவையே நீக்கலாம் என்ற வாய்ப்பும் அப்போது தரப்பட்டது. ஆனால் அப்படி நீங்கினாலும் லைசென்ஸ் தானாகத் திரும்பாது. அது வாரியத்தின் கையில்.