மிச்சம் என்ன இருக்கிறது?

கஷ்டம் எட்டிப் பார்க்காத வீடு என்று நம் ஊரில் ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம்! ஒரு வீட்டில் கடன். அடுத்த வீட்டில் வரன் குதிராத பெண். அதற்கடுத்த வீட்டில் நேற்றுவரை நன்றாக இருந்த மனிதர் இன்று படுத்த படுக்கை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறபோது, "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்வது சுலபம். அடி விழுந்த பிறகு அதே வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, இல்லையா சகோதரிகளே?

போதாக்குறைக்குப் பார்க்க வருகிறவர்கள் வேறு! ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "விசுவாசம் இருந்தா இப்படி வருமா? இன்னும் நல்லா ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நோயாளிக்கு உடம்பு வலியோடு மனவலியும் சேர்ந்துகொள்ளும். கடவுளை நம்பினால் கஷ்டமே வராது என்று எந்த வேதத்தில் இருக்கிறது? பவுல் அப்போஸ்தலனுக்கே உடம்பில் ஒரு முள் இருந்தது. அதை எடுத்துப் போடும்படி அவர் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, அதைத் தாங்கக் கிருபைதான் கிடைத்தது. அவருக்கா விசுவாசம் இல்லை?

அப்படியானால் நம்பிக்கை என்பதுதான் என்ன?

எண்ணெய்க் குடமும் ஒரு விதவையும்

இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில் ஓர் ஏழை விதவை வருகிறாள். புருஷன் போய்விட்டான். கடன் மட்டும் போகவில்லை. கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போக நிற்கிறான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் போய் அழுகிறாள்.

எலிசா என்ன செய்தார்? "எவ்வளவு போச்சு?" என்று கேட்கவில்லை. "ஏன் இப்படி ஆச்சு?" என்றும் துருவவில்லை. வீட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார். ஒரு குடம் எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை என்றாள் அவள். அண்டை வீடுகளில் காலிப் பாத்திரங்களை இரவல் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த எண்ணெயையே ஊற்றச் சொன்னார். பாத்திரம் தீருகிறவரை எண்ணெய் தீரவில்லை. விற்றுக் கடனை அடைத்தாள். மீதியில் பிள்ளைகளோடு பிழைத்தாள்.

மாதக் கடைசியில் டப்பாக்களைத் திறந்து பார்த்து, இருக்கிற அரைப்படிப் பருப்பில் மூன்று நாளை ஓட்டுகிற நமக்கு இந்தக் கதை புரியாமலா போகும்? போனதை எண்ணி அழுவதோடு நில்லாமல், இருப்பதை எடுத்து ஆண்டவர் கையில் வைப்பது. எனக்குத் தெரிந்தவரை நம்பிக்கை என்பது இதுதான். "இதெல்லாம் வேதாகமக் காலத்துக் கதை" என்பவர்களுக்காக, நம் வேலூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கால்கள் போயின, கைகள் இருந்தன

மேரி வர்கீஸ் 1925-ல் கேரளத்தின் கொச்சிப் பகுதியில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். பெண்களுக்கான மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற வேண்டுமென்பது அவர் ஆசை. 1954-ஆம் ஆண்டு ஜனவரியில், உடன் வேலை செய்யும் டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போனபோது வண்டி விபத்துக்குள்ளானது. மேரியின் முகத்தில் ஆழமான காயம். அது தழும்பாகவே நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய அடி முதுகுத்தண்டில். இரண்டு கால்களும் செயலிழந்துபோயின.

அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. நேற்றுவரை வார்டு வார்டாக நடந்தவர், இன்று மற்றவர்கள் புரட்டிவிட வேண்டிய நோயாளி. பிரசவம் பார்க்கவும் வயிற்று அறுவை செய்யவும் மணிக்கணக்கில் நிற்க வேண்டுமே! கற்ற கல்வியெல்லாம் வீணா?

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட் என்ற அறுவை நிபுணர் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்துவதில் உலகத்துக்கே முன்னோடி. தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்கும்போது சில தசைகள் செயலிழந்து, விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடும். வேறிடத்திலுள்ள நல்ல தசைநாண் ஒன்றை இடம் மாற்றித் தைத்து, அந்த விரல்களுக்கு மறுபடி வேலை கற்றுக்கொடுப்பார்கள். கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். "உங்கள் கைகள் நன்றாகத்தானே இருக்கின்றன?" என்கிற கோணத்தில் பார்த்தவர் பிராண்ட். எலிசாவின் கேள்விதான், பார்த்தீர்களா!

சும்மா எழுந்து உட்கார்வதற்கே மேரிக்கு எவ்வளவோ சிகிச்சையும் பயிற்சியும் தேவைப்பட்டன. அத்தனையும் தாங்கி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவைகளைச் செய்யத் தொடங்கினார். அந்த நாளில் தொழுநோயாளியைத் தொடவே ஜனங்கள் பயப்படுவார்கள். ஊர் ஒதுக்கிய கையை, நடக்க முடியாத ஒரு பெண்ணின் கை பிடித்து நிமிர்த்தியது என்று நினைத்துப் பாருங்கள்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் போனார். முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் அங்கே வேலைக்குப் போவதையும், குடும்பம் நடத்துவதையும் கண்டார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். வேலூருக்குத் திரும்பி, அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் தொடங்கியது. 1972-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 1986-ல் அவர் காலமானார். இன்றும் அந்த நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருடைய வரலாற்றை டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதினார். புத்தகத்தின் பெயர் 'டேக் மை ஹேண்ட்ஸ்'. என் கைகளை எடுத்துக்கொள்ளும் என்று பொருள். எல்லாம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது!

ஒன்றை மட்டும் மறந்துவிடக்கூடாது. மேரி வர்கீஸ் கடைசிவரை எழுந்து நடக்கவில்லை. முள் முள்ளாகவே இருந்தது. அந்த விபத்து நல்லதுக்குத்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; நமக்கு அந்த உரிமையும் கிடையாது. விபத்து கொடியதுதான். ஆனால் அதற்குப் பிறகும் ஆண்டவருக்கு அவரிடம் வேலை இருந்தது.

கட்டிலிலும் வேலை உண்டு

பெரிய டாக்டருக்குச் சரி, நம்மைப் போன்றவர்களுக்கு? என் மாமியாருக்கு 2012-ல் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோயின. திருநெல்வேலிப் பக்கத்து மனுஷி. ஒரு நிமிஷம் சும்மா இருந்து பழக்கமில்லை. "ஆண்டவர் என்னை எடுத்துக்கிடக்கூடாதா" என்று இரண்டு மாதம் ஒரே அழுகை. ஒருநாள் ரேஷன் அரிசியோடு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "ஏளா, அந்தச் சொளவை என் மடியில வை. ஒத்தக் கையால கல்லாவது பொறுக்குதேன்" என்றார். "சரி அத்தை" என்று தலையணைக்கு முட்டுக்கொடுத்து உட்கார வைத்தேன். அன்றிலிருந்து கல் பொறுக்குவது அவர் வேலை. பொறுக்கிக்கொண்டே பிள்ளைகளுக்கு யோசேப்பு கதையும் தாவீது கதையும் சொல்வார். என் பிள்ளைகள் வேதத்தைக் கற்றுக்கொண்டது அந்தக் கட்டிலோரத்தில்தான்.

நம்பிக்கையும் வைத்தியமும்

ஜெபம் செய்கிறோம் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்தும் மருத்துவரும் அவர் கொடுத்ததுதானே? சில விஷயங்களை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

விபத்தில் கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை அவசரப்பட்டு இழுத்து, மடக்கி ஆட்டோவில் ஏற்றாதீர்கள். தண்டுவடம் இன்னும் கெட்டுப்போகலாம். அங்கேயே இருப்பது ஆபத்தாக இல்லாவிட்டால், அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள்.

திடீரென்று முகம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதத்தின் அடையாளமாக இருக்கலாம். 'காலையில் பார்த்துக்கலாம்' என்று இருக்க வேண்டாம். முதல் சில மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பலன் அதிகம்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வையுங்கள். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பாகம் ஆகிய இடங்கள் சிவந்திருக்கின்றனவா என்று தினமும் பாருங்கள். விரிப்பில் சுருக்கமும் ஈரமும் கூடாது. உணர்ச்சியில்லாத இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கவே வேண்டாம்; வெந்துபோனாலும் அவர்களுக்குத் தெரியாது.

தோலில் உணர்ச்சியற்ற வெளுத்த அல்லது சிவந்த படை இருந்தால் மறைக்காதீர்கள். தொழுநோய் இன்று கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணமாகிறது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். சீக்கிரம் போனால் கை மடங்கும் நிலையே வராது.

பாத்திரங்களைக் கொண்டு வாருங்கள்

அந்த விதவையின் கதையில் இன்னொன்றும் உண்டு. அவளிடம் எண்ணெய் இருந்தது, பாத்திரங்கள் இல்லை. அவற்றை அண்டை வீட்டார்தான் கொடுத்தார்கள். மேரி வர்கீஸுக்கும் புரட்டிவிட நர்சுகள் இருந்தார்கள், வழிகாட்ட ஒரு டாக்டர் இருந்தார். ஆகவே துன்பப்படுகிற வீட்டுக்குப் போகும்போது உபதேசத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, ஒரு பாத்திரத்தோடு போங்கள். ஒருவேளை சோறு கொண்டு போகலாம். ஒரு ராத்திரி அவர்கள் தூங்க, நீங்கள் கண் விழிக்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம்.

துன்பம் உங்கள் வீட்டுக்கே வந்திருந்தால், அழுகை வரும்போது அழுதுவிடுங்கள். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அழுது முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஒரு குடம் எண்ணெயாவது எங்கேயாவது இருக்கும்.